மர உருண்டையில் தொடங்கிய நோபல்

1974-ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவந்த ரிச்சர்ட் ராப்சனிடம் ஒரு சாதாரண வேலை வந்து சேர்ந்தது. மாணவர்கள் மூலக்கூறுகளைக் கையால் கட்டிப் பார்க்க மாதிரிகள் வேண்டும். மர உருண்டைகள்தான் அணுக்கள். அவற்றில் செருகும் குச்சிகள் பிணைப்புகள். உருண்டைகளில் துளை போட்டுத் தரப் பல்கலைக்கழகப் பட்டறை தயாராக இருந்தது. ஆனால், துளையை எங்கே போடுவது? கார்பனுக்கு நான்கு கைகள். அவை ஒன்றைவிட்டு ஒன்று எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நிற்கும். நைட்ரஜனுக்கு வேறு கணக்கு, குளோரினுக்கு வேறு. எந்த உருண்டையில் எந்தக் கோணத்தில் துளை விழ வேண்டும் என்று ராப்சன் குறித்துக் கொடுத்தார்.

உருண்டைகள் திரும்பி வந்ததும் சில மூலக்கூறுகளைக் கட்டிப் பார்த்தார். அப்போதுதான் அது அவருக்கு உறைத்தது. கட்டுகிறவர் எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. துளை இருக்கும் இடத்தில் குச்சியைச் செருகினால் போதும், மூலக்கூறு தானாகச் சரியான வடிவத்துக்கு வந்து நின்றது. வடிவத்தைப் பற்றிய தகவல் முழுக்கத் துளைகளின் இடத்திலேயே இருந்தது. அப்படியென்றால், அணுக்களுக்குப் பதிலாக முழு மூலக்கூறுகளையே உருண்டைகளாக எடுத்துக்கொண்டால்? அவையும் தாமாகவே கூடி, நாம் நினைத்த கட்டடமாக எழும்பாதா?

ஒவ்வோர் ஆண்டும் புது மாணவர்களுக்காக அந்த உருண்டைகளை வெளியே எடுக்கும்போதெல்லாம் இந்த எண்ணம் தலைகாட்டியது. பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகுதான் சோதித்துப் பார்த்தார். வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களைப் பற்றிக்கொண்டிருக்கும் அமைப்பை முன்மாதிரியாக வைத்து, செம்பு அயனிகளையும் நான்கு கரங்கள் கொண்ட ஒரு கரிம மூலக்கூறையும் சேர்த்தார். எல்லாம் ஒன்றோடொன்று சிக்கி உருத்தெரியாமல் போய்விடும் என்றே பெரும்பாலான வேதியியலாளர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். கிடைத்ததோ ஒழுங்கான படிகம். உள்ளே பெரிய பெரிய வெற்றிடங்கள். 1989-இல் அதை வெளியிட்டார். அந்தக் கட்டமைப்பு எளிதில் இடிந்துவிடக்கூடியது என்றாலும், வழி திறந்துவிட்டது. 1997-இல் ஜப்பானின் சுசுமு கிடகாவா, வாயுக்கள் உள்ளே போய் வெளியே வந்தாலும் குலையாத கட்டமைப்பைச் செய்து காட்டினார். அமெரிக்காவில் ஓமர் யாகி 1999-இல் உருவாக்கிய 'மாஃப்-5' என்ற கட்டமைப்பு, 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினாலும் நிலைகுலையவில்லை. அதன் ஓரிரு கிராமுக்குள் அடங்கியிருக்கும் உட்பரப்பு ஒரு கால்பந்து மைதானத்தின் அளவு. 2025 அக்டோபரில் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ராப்சனுக்கு வயது 88.

இந்தக் கதையை நம் ஊரின் ஒவ்வோர் ஆசிரியர் அறையிலும் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பிறந்தது பல ஆண்டுகள் கழித்து வகுப்பறைக்கு வருவதுதான் வழக்கம். இங்கே வகுப்புக்காகச் செய்த ஒரு கருவி, பாடம் நடத்தியவரின் கையிலேயே ஆராய்ச்சியாக மாறியது. பொருளறிவியல் அப்படிப்பட்ட துறை. எடுத்து, வளைத்து, சுட்டு, உடைத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும். அந்தத் துறையை நம் பள்ளிகள் ஏறக்குறைய எழுத்தில் மட்டுமே வைத்திருக்கின்றன என்பதுதான் என் கவலை.

எதை வெட்டினோம்?

கொரோனாவுக்குப் பிறகு, 2022-இல், பாடச்சுமையைக் குறைக்க என்.சி.இ.ஆர்.டி. தன் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்திலிருந்து சில பாடங்களை நீக்கியது. திண்மநிலை, பரப்பு வேதியியல், தாதுக்களிலிருந்து தனிமங்களைப் பிரித்தெடுத்தல், பாலிமர்கள், அன்றாட வாழ்வில் வேதியியல் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. 2024-இல் நீட் பாடத்திட்டத்திலிருந்தும் இவை போயின. ஒரு பொருள் உள்ளுக்குள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதன் மேற்பரப்பில் என்ன நடக்கிறது, அது மண்ணிலிருந்து எப்படி வருகிறது, பிளாஸ்டிக் என்பது என்ன, இவையெல்லாம் வீட்டில் எங்கே இருக்கின்றன? பள்ளியில் பொருளறிவியல் என்று இருந்ததே கிட்டத்தட்ட இவ்வளவுதான். பிள்ளைகளின் சுமை குறைய வேண்டியிருந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எதைக் குறைப்பது என்று தேர்ந்தெடுத்ததில்தான் வருத்தம்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டம் இந்த விஷயத்தில் மேல். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலின் முதல் பாடமே 'உலோகவியல்'. 'திட நிலைமை' தனிப் பாடமாக இருக்கிறது. இயற்பியலில் 'அண்மைக்கால வளர்ச்சிகள்' பற்றிய பாடம் நானோ அறிவியலைத் தொடுகிறது. அத்தனையும் தமிழில் இருக்கின்றன. ஆனால், வகுப்புக்குள் போனதும் 'திட நிலைமை' மூன்று எண்களாகச் சுருங்கிவிடுகிறது. எளிய கனச்சதுரத்தில் அணுக்கள் 52 சதவீத இடத்தை அடைக்கும். பொருள்மைய கனச்சதுரத்தில் 68. முகப்புமைய கனச்சதுரத்தில் 74. மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடும். இரும்பைப் பழுக்கக் காய்ச்சும்போது அது 68-லிருந்து 74-க்குத் தாவுகிறது என்பதையும், ஊர்க் கொல்லர் அடித்துத் தரும் அரிவாளின் கூர்மை அந்தத் தாவலை நம்பித்தான் இருக்கிறது என்பதையும் யாரும் சொல்வதில்லை.

ஒரு தையல் ஊசி

அதைச் சொல்வதற்கு ஆய்வகம் தேவையில்லை. சில தையல் ஊசிகள், ஒரு ஸ்பிரிட் விளக்கு அல்லது கேஸ் அடுப்பு, ஒரு கொறடு, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் உப்புத்தாள் போதும். ஊசித்துண்டு கண்ணில் தெறிக்கும் ஆபத்து உண்டு என்பதால் எல்லாரும் கண்ணாடி அணிய வேண்டும்; நெருப்பு வேலையை ஆசிரியரே செய்ய வேண்டும்.

முதலில் கடையில் வாங்கிய ஊசியை அப்படியே வளைத்துப் பார்க்கட்டும். கொஞ்சம் வளைந்து கொடுக்கும், விட்டதும் நிமிர்ந்துகொள்ளும், மேலும் அழுத்தினால் பட்டென்று உடையும். இரண்டாவது ஊசியைச் செக்கச்செவேலென்று ஆகும்வரை காய்ச்சி, நெருப்பிலிருந்து மெல்ல விலக்கி, காற்றிலேயே ஆற விட வேண்டும். மூன்றாவதையும் அதே சிவப்புக்குக் காய்ச்சி, சட்டென்று தண்ணீருக்குள் போட வேண்டும். ஒரே ஊசி, ஒரே நெருப்பு. ஆறிய வேகம் மட்டும் வேறு. இப்போது வளைப்பதற்கு முன், என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் பார்த்தால் அது வேடிக்கையாகப் போய்விடும்.

மெல்ல ஆறியது சாதாரணக் கம்பியைப் போல வளைந்து, வளைந்தபடியே நிற்கும். தண்ணீரில் விழுந்தது வளையவே வளையாது. லேசாக அழுத்தினாலே முறிந்துவிடும்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். தண்ணீரில் போட்ட இன்னோர் ஊசியை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, சுடருக்குச் சற்று மேலே பிடித்துப் பதமாகச் சூடேற்ற வேண்டும். வெள்ளியாக இருந்த ஊசியின்மேல் முதலில் வைக்கோல் மஞ்சள் படரும். பிறகு பழுப்பு, அப்புறம் கத்திரிப்பூ நிறம், கடைசியில் மயில்நீலம். மேற்பரப்பில் உருவாகும் ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. நீலம் தெரியும்போது வெப்பம் சுமார் 300 டிகிரி. அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். ஆறியபின் வளைத்தால், கடையில் வாங்கிய ஊசி எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே வளைந்து நிமிரும்.

இப்போது கரும்பலகைக்குப் போகலாம். சாதாரண வெப்பத்தில் இரும்பின் அணுக்கள் பொருள்மைய கனச்சதுரமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பழுக்கக் காய்ச்சினால் முகப்புமைய கனச்சதுரத்துக்கு மாறுகின்றன. இந்த இரண்டாவது அடுக்கில் கார்பன் அணுக்கள் நுழைந்து தங்க இடம் உண்டு. மெல்ல ஆறினால் அடுக்கு பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் கார்பன் வெளியேற அவகாசம் கிடைக்கும். எஃகு மென்மையாக இருக்கும். தண்ணீரில் போட்டால் கார்பன் உள்ளேயே மாட்டிக்கொண்டு அடுக்கையே கோணலாக்கிவிடும். அந்தக் கோணல்தான் கடினத்தைத் தருகிறது. நொறுங்கும் தன்மையையும் அதுவே தருகிறது. மறுபடி பதமாகச் சூடு காட்டும்போது மாட்டிய கார்பனில் ஒரு பகுதி விடுபடும்; கடினம் கொஞ்சம் குறையும், உறுதி கூடும்.

68, 74 என்ற எண்களை இதற்குப் பிறகு சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளையும் மறக்காது.

லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கி அரிவாள் அடிக்கும் கொல்லர் இதைத்தான் செய்கிறார். அடித்து முடித்ததும் வாய்ப்பகுதிக்கு மட்டும் தோய்ச்சல் காட்டுகிறார், நிறம் பார்க்கிறார், நிறுத்துகிறார். வாய் கூராக நிற்க வேண்டும், முதுகு அடி தாங்க வேண்டும். ஒரே துண்டு இரும்பில் இரண்டு குணங்களை வரவழைக்கும் இந்த வித்தையைப் பிள்ளைகள் பார்ப்பதற்கு அவரை ஒருநாள் பள்ளிக்கு அழைத்து, ஆசிரியருக்குரிய மரியாதையும் சம்பளமும் கொடுத்துப் பாடம் நடத்தச் சொல்ல வேண்டும். நான் இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. மாவட்டக் கல்வி அலுவலகங்கள் நினைத்தால் இதைச் செய்யலாம்.

இங்கே ஒரு சரித்திரத் தொடர்பும் உண்டு. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய உயர்கார்பன் எஃகு உலகமெங்கும் தேடப்பட்ட பண்டம். ஈரோடு மாவட்டத்தின் கொடுமணலில் இரும்பும் எஃகும் செய்த தடயங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. தமிழ்நாட்டின் மேல்சிறுவளூரில் மூசை எஃகுத் தொழில் நடந்ததற்கான சான்றுகளை ஆராய்ந்தவர் சாரதா சீனிவாசன். ஐரோப்பாவில் 'வூட்ஸ்' என்று அழைக்கப்பட்ட இந்த எஃகின் ரகசியத்தைப் பிடிக்க முயன்றவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்கு வருவதற்கு முன், கத்தி செய்யும் தொழிலில் இருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820-இல் கட்டுரை வெளியிட்டார். ஃபாரடே கொல்லர் ஒருவரின் மகன். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825-இல் தொடங்கக் காரணமானவரும் அவரே. மேடையில் நின்று செய்து காட்டிச் சொல்லித்தரும் அந்த மரபு இன்னும் நடக்கிறது.

சோப்புக் குமிழிப் படிகம்

அதே ராயல் இன்ஸ்டிட்யூஷனுக்குப் பின்னாளில் தலைமையேற்று, பள்ளி மாணவர்களுக்காகப் பெரும் உழைப்பைக் கொட்டியவர் லாரன்ஸ் பிராக். எக்ஸ் கதிர்களால் படிகங்களின் உள்ளமைப்பைக் கண்டதற்காக 1915-இல், 25 வயதில், தந்தையோடு நோபல் பெற்றவர். அவரும் ஜான் நையும் 1947-இல் ஓர் எளிய மாதிரியை வெளியிட்டார்கள். சோப்புக் கரைசலுக்குள் நுண்ணிய குழாய் வழியாக ஒரே சீராகக் காற்றை விட்டால், மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரிக் குமிழிகள் எழுந்து, நீர்ப்பரப்பில் தாமாகவே நெருங்கி அடுக்கிக்கொள்ளும். அணுக்களின் ஒரே ஓர் அடுக்கு கண்முன்னே மிதக்கும்.

எவர்சில்வர் தாம்பாளம், பாத்திரம் கழுவும் திரவம், கொஞ்சம் கிளிசரின், மீன்தொட்டிக்கு வைக்கும் காற்றுப் பம்ப், சிரிஞ்ச் ஊசி. இவ்வளவுதான் செலவு. எட்டாம் வகுப்புப் பிள்ளை தலையைக் குனிந்து பார்த்தால் தெரிவது என்ன? நீண்ட நேர்வரிசைகள். திடீரென ஓரிடத்தில் ஒரு குமிழி இல்லாத பள்ளம். கொஞ்சம் தள்ளி, வரிசைகள் வேறு திசைக்குத் திரும்பும் எல்லைக்கோடு. உலோகத்தின் துகள் எல்லை என்று புத்தகம் சொல்வது அதைத்தான். இரண்டு ஸ்கேல்களால் ஓரத்தை மெல்ல நெருக்கினால் ஒரு பிசகு சட்டென்று பரப்பின் குறுக்கே ஓடும். உலோகம் வளைவது இப்படித்தான். எல்லா அணுக்களும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை. விரித்த பெரிய ஜமுக்காளத்தை முழுதாக இழுக்காமல், ஒரு முனையில் மடிப்பு உண்டாக்கி அந்த மடிப்பை மறுமுனைவரை தள்ளி நகர்த்துவது எவ்வளவு சுலபமோ, அதுபோல ஒரு பிசகு ஓடியே உலோகத்தை உருமாற்றிவிடுகிறது. 1934-இல் டெய்லர், ஒரோவன், பொலான்யி மூவரும் தனித்தனியே கணித்துச் சொன்ன விஷயம் இது. காகிதம் கோக்கும் கிளிப்பைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த இடம் விறைத்துப்போய் கடைசியில் முறிவதும் இதனால்தான். பிசகுகள் பெருகி ஒன்றையொன்று வழிமறித்துக்கொள்கின்றன.

குறையில்லாத படிகம்தான் சிறந்தது என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கே எவ்வளவு குறை வைக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் உலோகவியலாளரின் தொழில். சிலிக்கானில் கணக்காக அந்நிய அணுக்களைச் சேர்ப்பதால்தான் கணினிச் சில்லு வேலை செய்கிறது. இதை ஒரு தாம்பாளத்தில் காட்டிவிட முடிகிறது.

அதிசயம் என்ற சொல்லைக் குறைப்போம்

எதிர்காலப் பொருள்கள் பற்றிப் பள்ளியில் பேச்சு எழுந்தால் உடனே ஒரு பட்டியல் வரும். கிராஃபீன், ஏரோஜெல், நினைவுலோகம், தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் கான்கிரீட். எஃகைவிட இத்தனை மடங்கு உறுதி, இறகைவிட லேசு என்று ஒப்பிப்போம். அறிவியல் கண்காட்சியில் தெர்மாகோல் மாதிரி ஒன்று நிற்கும். இந்தப் பட்டியலும் ஒரு மனப்பாடம்தான், புது மனப்பாடம்.

கிராஃபீனையே எடுத்துக்கொள்வோம். 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் கிராஃபைட்டின்மேல் செலோடேப்பை ஒட்டி உரித்து, உரித்ததையே மறுபடி ஒட்டி உரித்து, ஓரணுத் தடிமன் கொண்ட கார்பன் தாளைப் பிரித்தெடுத்தார்கள். 2010-இல் நோபல் கிடைத்தது. பென்சில் கரியையும் டேப்பையும் வைத்து எந்த மாணவரும் உரித்துப் பார்க்கலாம். கறுப்புத் துகள் வர வர மெலிந்து சாம்பல் நிறமாவதைக் காணலாம். அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருபதாண்டுகள் கடந்தும் கிராஃபீன் சிலிக்கானின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஆய்வகத்தில் ஒரு துணுக்கு கிடைப்பதற்கும், அதைக் குறையில்லாமல் டன் கணக்கில் மலிவாகச் செய்வதற்கும் இடையே உள்ள தூரம்தான் பொருளறிவியலின் கடினமான பகுதி. அந்தத் தூரத்தை மறைத்துவிட்டு அதிசயத்தை மட்டும் காட்டினால் பிள்ளைகளை ஏமாற்றியவர்களாகிறோம்.

நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியை இணையத்தில் வாங்கலாம். நீட்டிக் கோணலாக்கி வெந்நீரில் போட்டால் பழைய வடிவத்துக்குத் தாவும், வகுப்பே கூச்சலிடும். இது தெரியவந்த விதமும் அழகானது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில், வில்லியம் பியூலர் உருவாக்கிய கலவையின் மடித்த தகடு ஒன்று ஒரு கூட்டத்தில் கைமாறிக்கொண்டிருந்தது. டேவிட் மஸ்ஸி என்பவர் தன் லைட்டரால் அதைச் சூடுகாட்ட, மடிப்புகள் தாமாக விரிந்தன. பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கும் மாணவர்கள் சிலரின் வாயிலேயே இந்தக் கம்பி இருக்கக்கூடும். ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட் சிலவும் இதனால் ஆனவை. கூச்சல் அடங்கியதும் ஊசியை மீண்டும் எடுக்க வேண்டும். தண்ணீரில் விழுந்த ஊசிக்குள் அணுக்கள் இடம்விட்டு இடம் அலையாமல், கூட்டமாகச் சாய்ந்து புது அடுக்குக்கு மாறினவே, அதே வகை மாற்றம்தான் நிட்டினாலிலும் நடக்கிறது. எஃகில் அது திரும்பி வராது. இங்கே சூடு காட்டினால் திரும்பி வரும். இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்ட பத்தாம் வகுப்பு மாணவி, நிட்டினாலின் பெயரை மட்டும் தெரிந்த பொறியாளரைவிட முன்னே இருக்கிறாள்.

ராப்சன், கிடகாவா, யாகி மூவரின் பொருளுக்கும் வகுப்பறைப் பதில் உண்டு. செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம். வெயிலில் நன்றாகக் காயவைத்து, நகைக்கடைத் தராசு போன்ற சிறு மின்தராசில் எடைபோட்டு, இரவு முழுக்கத் திறந்து வையுங்கள். கடலோர ஊராக இருந்தால் மறுநாள் காலை எடை கூடியிருக்கும். காற்றிலிருந்த தண்ணீர் அதன் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் உட்கார்ந்துவிட்டது. யாகியின் குழு அரிசோனா பாலைவனத்தில் செய்ததும் இதே முறையில்தான். இரவில் அவர்களுடைய பொருள் காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டது. வெயில் ஏறியதும் விட்டுக்கொடுத்தது. பாலைவனத்து வறண்ட காற்றிலும் பிடிக்க வேண்டும், லேசான சூட்டிலேயே விட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளுக்கும் ஏற்றபடி துளையின் அளவையும் அதன் உட்சுவரையும் வடிவமைக்க முடிந்ததே சாதனை. யாகி ஜோர்டானின் அம்மானில், மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத வீட்டில் வளர்ந்தவர். பத்து வயதில், வழக்கமாகப் பூட்டியே கிடக்கும் பள்ளி நூலகத்துக்குள் நுழைந்து எடுத்த ஒரு புத்தகத்தில்தான் மூலக்கூறுப் படங்களை முதலில் பார்த்தார். நம் பள்ளிகளிலும் பூட்டிக் கிடக்கும் நூலகங்கள் எத்தனை!

திருநெல்வேலியிலிருந்து ஸ்டாக்ஹோம்

2019-இல் லித்தியம் அயனி பேட்டரிக்காக மூவருக்கு நோபல் கொடுத்தார்கள். அவர்களில் ஜான் குட்இனஃபுக்கு வயது 97. அவருக்காக ஸ்டாக்ஹோம் மேடையில் நோபல் உரையை நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம். திருநெல்வேலி மாவட்டத்தின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு, 1985-இல் ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃபின் ஆய்வகத்துக்குப் போனவர்.

அவர்கள் இருவரும் 1980-களின் இறுதியில் கண்டது, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலை வைத்தே விளக்கக்கூடியது. பேட்டரியின் நேர்முனையில் இரும்பு போன்ற உலோகம் வெறும் ஆக்சிஜனோடு மட்டும் பிணைந்திருந்தால் மின்னழுத்தம் குறைவு. ஆக்சிஜனுக்குப் பின்னால் கந்தகம் நின்று, அதாவது சல்பேட்டாக இருந்து, எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்தால், இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிடி தளர்ந்து மின்னழுத்தம் ஏறுகிறது. இந்த அறிவின் வழியில்தான் 1997-இல் குட்இனஃபின் ஆய்வகத்திலிருந்து லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது. அரிதான கோபால்ட்டுக்குப் பதில் மலிவான இரும்பு. எளிதில் தீப்பிடிக்காத தன்மை. இன்று மின்சாரப் பேருந்துகளிலும் கார்களிலும் 'எல்.எஃப்.பி.' என்று எழுதியிருப்பது அதுதான். எலக்ட்ரான் கவர்தன்மை பற்றிய பாடத்தை நடத்தும் ஆசிரியர், பேருந்து நிறுத்தத்திலிருந்து தொடங்கி அமராபுரம் வழியாக அந்தப் பாடத்துக்கு வரலாம்.

மினுக்கும் பொருள்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சிமென்ட்டை மறந்துவிடுவோம். உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு எரிபொருளால் வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லே சூட்டில் சிதைந்து வாயுவை விடுகிறது. சுமார் 1450 டிகிரியில் சுடப்படும் 'கிளிங்கர்' என்ற சிமென்ட் மூலப்பொருளைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் 800 டிகிரி அளவில் சுட்ட களிமண்ணையும் அரைத்த சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்தால் வெளியீடு 40 சதவீதம் வரை குறையும். 'எல்.சி.3' என்று பெயர்பெற்ற இந்தச் சிமென்ட்டை சுவிட்சர்லாந்தின் கேரன் ஸ்க்ரிவெனர் குழுவினர், கியூபா ஆய்வாளர்களோடும் சென்னை உள்ளிட்ட ஐ.ஐ.டி.களோடும் சேர்ந்து வளர்த்தெடுத்தார்கள். களிமண்தான் எதிர்காலப் பொருள் என்றால் பிள்ளைகள் முதலில் நம்பமாட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான பொருள்களில் ஒன்று இதுதான் என்பேன்.

ராமேஸ்வரம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பாம்பனைவிடப் பெரிய பாடப்புத்தகம் வேண்டாம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் உப்புக்காற்றில் துருவோடு போராடியது; 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். வெறும் ஆணி, துத்தநாகத் தகடு சுற்றிய ஆணி, செம்புக் கம்பி சுற்றிய ஆணி மூன்றையும் கடல்நீரில் ஒரு வாரம் வைத்துவிட்டுப் பாலத்தைப் போய்ப் பார்க்கலாம். அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததால், காரைக்குடியிலேயே இருக்கிறது.

ஆஸ்பெஸ்டாஸையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். ஒருகாலத்தில் தீப்பிடிக்காத, மலிவான, அற்புதமான கூரை அது. அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஊர்களில் இன்னமும் அந்த ஷீட்டுக்கடியில் குடும்பங்கள் தூங்குகின்றன. ஒரு புதுப்பொருள் பிறக்கும்போதே அது எப்படி மடியும், யாருடைய மூச்சில் போய்ச் சேரும் என்று கேட்கத் தெரிந்த தலைமுறை வேண்டும்.

ஆசிரியருக்கு யார் காட்டுவது?

ஊசியைச் சுட்டுப் பார்க்காத ஆசிரியர் வகுப்பில் சுடமாட்டார். அமெரிக்காவில் ஏ.எஸ்.எம். என்ற பொருளறிவியல் அமைப்பின் கல்வி அறக்கட்டளை, பள்ளி ஆசிரியர்களுக்கு ஒருவார முகாம்களைக் கட்டணமின்றி நடத்துகிறது. அங்கே ஆசிரியர்களே உலோகத்தைக் காய்ச்சி, கான்கிரீட் வார்த்து, உடைத்துப் பார்க்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மார்க் மியோடாவ்னிக் குழுவினர் ஒரு பொருள் நூலகமே வைத்திருக்கிறார்கள். புத்தகத்துக்குப் பதில் அலமாரியில் பொருள்கள்.

தமிழ்நாட்டில் இதற்கான வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு அறிவியலையும் கணிதத்தையும் செய்து காட்டிச் சொல்லித்தர 2022 நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்' திட்டத்தில், கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகப் போய் வருகிறார்கள். அவர்கள் பையில் ஒரு பெட்டி கூடுதலாக இருக்கட்டும்: தையல் ஊசிகள், நிட்டினால் கம்பி, சிலிக்கா ஜெல், பென்சில் கரி, டேப், டயாப்பரிலிருந்து எடுத்த நீர் உறிஞ்சும் பொடி, செம்பு, துத்தநாகம், சுட்ட மண்ணும் சுடாத மண்ணும். வகுப்பில் அதிகம் பேசாத, ஆனால் சைக்கிளைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பிள்ளை முதல்முறையாக முன்வரிசைக்கு வருவது இந்தப் பெட்டி திறக்கும் நாளில்தான் நடக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பிளஸ் டூ முடிக்கும்போது பொருளறிவியல் என்றொரு துறை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. கலந்தாய்வில் கணினியும் மின்னணுவும் தீர்ந்த பிறகுதான் உலோகவியல் கண்ணில் படுகிறது. சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, சேலம் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் உலோகவியல், பொருளறிவியல் சார்ந்த இளநிலைப் படிப்புகள் உண்டு. காரைக்குடி ஆய்வு நிறுவன வளாகத்தில் வேதி, மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிக்கலாம். கல்பாக்கத்தில் அணுஉலைக்கான எஃகை ஆராய்கிறார்கள். பேட்டரி, மின்வாகனம், சில்லு என்று தமிழ்நாடு ஈர்க்க நினைக்கும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றிலும் இந்தத் துறையில் படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன் பிள்ளைகளை இந்த வளாகங்களில் ஏதாவது ஒன்றுக்கு ஒருநாள் அழைத்துப் போய், உருக்கும் உலையையும் உடைத்துப் பார்க்கும் எந்திரத்தையும் காட்டிவிட வேண்டியது பள்ளியின் பொறுப்பு.